வியாழக்கிழமை பார்க்கலாம், ஹெர்பி

வெர்னா கோலசெக் போன மார்ச் மாதம் இறந்துபோனாள். எந்தப் பத்திரிகையும் ஒரு வரி போடவில்லை. பர்பேங்கில் எங்கள் டிவி ஸ்டுடியோவில் விளக்கு மாற்றியவனுக்குக்கூட யாரோ ஒரு நடிகையோடு எடுத்த படம் நடைபாதைச் சுவரில் தொங்குகிறது. வாழ்நாளில் பாதியை அந்தக் கட்டடத்திலேயே கழித்த இவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அதில் கோபம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் பெயர் ரூபன் ஓச்சோவா. அங்கே மேக்கப் போட்டுக்கொண்டிருந்தவன்.

நாடே படுக்கப் போகுமுன் பார்த்த வேட் கார்மொடியின் நிகழ்ச்சியை நாங்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கே எடுத்து முடித்துவிடுவோம். வேட் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே இருக்கும் விருந்தாளியிடம் சும்மா ஞாபகம் வந்ததுபோல, “உங்க மாமியார் வீட்டுக் கதவுல மாட்டிக்கிட்டீங்களாமே?” என்று கேட்பார். சும்மா எல்லாம் ஒன்றும் கிடையாது. இரண்டு நாள் முன்பே வெர்னா அந்த ஆளுக்குப் போன் போட்டுப் பேசவிட்டு, சொன்னதில் எது தேறும் என்று பொறுக்கி, அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிற கேள்வியை நீல அட்டையில் எழுதி வேட் கையில் கொடுத்திருப்பாள். வெர்னா சிரித்த கதைதான் மேடைக்குப் போகும்.

அவளுக்குப் பொய்யாகச் சிரிக்க வராது. அது ஒரு குறை என்றே பலரும் நினைத்தார்கள். பெரிய சினிமா நடிகர் ஒருவர் தான் குதிரையிலிருந்து விழுந்ததை அவளிடம் வெகுநேரம் விவரித்தார். கேட்டு முடித்துவிட்டு, “வேற ஏதாவது இருக்கா?” என்றாள். அவர் எங்கள் தயாரிப்பாளர் கில் பிரெண்டிஸிடம் முறையிட, கில் வந்து அவள் மேசை முன்னால் நின்றான்.

“மரியாதைக்காவது கொஞ்சம் சிரிச்சா என்ன வெர்னா?”

“சிரிப்பு வந்தா சிரிப்பேன் கில். குதிரைக்கு வந்திருக்கும். எனக்கு வரல.”

ஆனால் நகைச்சுவைக்காரர்கள் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். மற்றவர்கள் சிரிப்பை நம்ப முடியாது, இவள் சிரிப்பை நம்பலாம் என்பார்கள். அவளோ அவர்களில் ஒருவர்மேல்தான் உயிரை வைத்திருந்தாள். ஹெர்பி கிரான்ஸ்.

அது கிளீவ்லாந்தில் ஆரம்பித்த கதை. அவள் அப்பா இரும்பாலைத் தொழிலாளி. வீட்டில் சிரித்தே பழக்கமில்லாத மனிதர். ஒரு ராத்திரி டிவியில் ஹெர்பி வந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்து, கையிலிருந்த பீரை மடியில் கொட்டிக்கொண்டாராம். “அப்பாவுக்கு முன்பல்லு ரெண்டு கிடையாதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்” என்று வெர்னா சொல்வாள். பிறகு ஹெர்பி வரும் இரவுகளில் அவளையும் தூங்கவிடாமல் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாராம். அவள் கலிபோர்னியாவுக்கு வந்தது, ஒரு டிரம் வாசிப்பவனைக் கட்டிக்கொண்டது, அவனை விட்டது, போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் அப்புறம். ஹெர்பியோடு முதல்முறை போனில் பேச வேண்டி வந்த அன்று, “ஹலோ” சொல்லிவிட்டு அடுத்த வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, இருக்கியா, போயிட்டியா?” என்றாராம் அவர். “நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.”

ஹெர்பி குள்ளமான ஆள். காது இரண்டும் அவரைவிட மூத்த யாரிடமோ வாங்கி ஒட்டியதுபோல இருக்கும். புரூக்ளினில் பிறந்து, கோடைக்கு ஜனங்கள் வந்து தங்கும் மலை ஓட்டல்களில் மேடையேறிப் பழகியவர். அவரிடம் எத்தனையோ கதைகள் உண்டு, ஆனால் ஜனங்கள் கேட்டு வாங்கியது அவர் மனைவி பெர்ல் பற்றிய ஒன்றைத்தான். அதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

“கல்யாணம் ஆன அன்னைக்கே எனக்கு ஓட்டல்ல ஷோ. பெர்லையும் கூட்டிக்கிட்டுப் போனேன். முன்வரிசையில உக்காந்தா. நான் ஆரம்பிச்ச உடனே தூங்கிட்டா. வாயத் தொறந்துக்கிட்டு. பக்கத்துல இருந்தவர் தட்டி எழுப்பப் பாத்தார். நான் மேடையிலருந்தே சொன்னேன், விடுங்க சார், பாவம், அந்தம்மாவுக்கு இன்னைக்குத்தான் கல்யாணம் ஆச்சுன்னு. பின்னாடியிருந்து ஒருத்தன், ‘யாரோட?’ன்னான். ‘என்னோடதான்’னேன். மொத்த ஓட்டலும் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. எனக்கில்ல, அவளுக்கு. ஆறுதலா இருக்கட்டும்னு. எங்க வீட்டுல வாங்குன முதல் பெரிய கைதட்டல் அது. அதையும் தூங்கியே விட்டுட்டா.”

இதை எத்தனை தடவை கேட்டாலும் வெர்னா சிரித்தாள். நானும்தான்.

அந்தக் காலத்தில் ஹெர்பியைக் கடைசி விருந்தாளியாகப் போடுவார்கள். முன்னால் வந்தவர்கள் வளவளவென்று பேசிவிட்டால் கடைசி ஆளுக்கு நேரம் இருக்காது. முகத்தில் மேக்கப்போடு உள்ளே காத்திருந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேட் முடிவில், “இன்னார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், நேரம் போதவில்லை, மன்னிக்கணும், கட்டாயம் இன்னொரு நாள்” என்பார். இது எல்லோருக்கும் நடப்பதுதான். சிலர் கதவை அறைந்துவிட்டுப் போவார்கள். ஹெர்பி மட்டும் என் நாற்காலியில் உட்கார்ந்து, “துடைச்சிடு பெயிண்டர். கெட்டுப்போறதுக்கு நான் என்ன பாலா? அடுத்த வாரம் வரைக்கும் தாங்குவேன்” என்பார். பெயிண்டர் என்றுதான் என்னைக் கூப்பிடுவார். வியாழக்கிழமை பெர்ல் சீட்டாடப் போவதால் அவர் வந்ததெல்லாம் வியாழக்கிழமைகளில்தான். போனை வைக்கும்போது வெர்னா ஒவ்வொரு தடவையும், “வியாழக்கிழமை பார்க்கலாம், ஹெர்பி” என்பாள்.

அப்புறம் காலம் மாறியது. வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். பிறகு அதுவும் நின்றது. கில்லுக்கு இருபத்தைந்து வயதைத் தாண்டிய எவரும் தொல்பொருள். பெர்ல் இறந்தாள். ஹெர்பி மகள் ரூத் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நான் வெர்னா மேசையோரம் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது.

“வெர்னா, வியாழக்கிழமைக்கு என்ன சொல்லட்டும்?”

எனக்கே கேட்டது அந்தக் குரல். அவள் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். வியாழக்கிழமைக்கு மூன்று பெயர் எழுதியிருந்தது. ஹெர்பி இல்லை. “உங்களைக் கூப்பிடலையே ஹெர்பி” என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் பென்சிலை எடுத்தாள்.

“என்ன இருக்கு, சொல்லுங்க.”

சொன்னார். சிரித்தாள். வியாழக்கிழமை பார்க்கலாம் என்று வைத்தாள். அடுத்த செவ்வாய் மறுபடி அதே நேரம், அதே கேள்வி. போன வாரம் தான் வரவில்லை என்பதே அவருக்கு நினைவில் இல்லை. இப்படியே வாரம் தவறாமல் நடந்தது.

“இது எங்க போய் முடியும்னு யோசிச்சியா?” என்றேன்.

“எங்கயும் போகாது. வெறும் போன்தானே ரூபன். அந்த அரைமணி நேரம் மனுஷன் சந்தோஷமா இருக்கார். எனக்கும் அப்படித்தான்.”

ஒரு வியாழக்கிழமை வாசல் காவலாளி போன் பண்ணினான். ஹெர்பி கிரான்ஸ் என்று ஒருவர் டாக்ஸியில் வந்து இறங்கியிருக்கிறார், உள்ளே விடலாமா என்று. வெர்னா போனை அப்படியே போட்டாள். அவளே வாசலுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது ஹெர்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீலக் கோட்டு, கழுத்தில் போ டை, பளபளவென்று ஷூ. ரூத் வேலைக்குப் போன பிறகு தானே உடுத்திக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

“ரூபன், நாற்காலி காலியா?” என்றாள் வெர்னா. என்னைப் பார்த்த பார்வையில், ஏதாவது பேசினாயோ கொன்றுவிடுவேன் என்றிருந்தது.

“என்ன பெயிண்டர், இந்தச் சுவத்துக்கு ரெண்டு கோட்டிங் போதுமா?” என்று உட்கார்ந்தார் ஹெர்பி.

“மொதல்ல விரிசலை அடைக்கணும் சார்.”

“அடைக்காத. உள்ள காத்து போறதே அது வழியாத்தான்.”

நான் நிதானமாகப் பூசினேன். பிறகு அவரைக் காத்திருப்பு அறையில் பழத்தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, வெர்னா விளம்பர இடைவேளையில் நேரே வேட்டின் மேசைக்கே போனாள். படப்பிடிப்பு நடக்கும்போது யாரும் அங்கே போகக்கூடாது. போய் அவர் காதில் ஏதோ சொன்னாள். முடிவில் வேட் கேமராவைப் பார்த்து, “ஹெர்பி கிரான்ஸ் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். நேரம் போதவில்லை. மன்னிக்கணும் ஹெர்பி, கட்டாயம் இன்னொரு நாள்” என்றார். கூட்டத்திலிருந்து ஒரு பெரிய “ஐயோ” கிளம்பியது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது.

ஹெர்பிக்கு அது கேட்டது. “பாத்தியா வெர்னா, என்னைத் தேடுறாங்க” என்றார். கெட்டுப்போகாத பால் வசனத்தையும் சொன்னார். நான் துடைத்துவிட்டேன். ரூத் பதறியடித்துக்கொண்டு வந்து கூட்டிப்போனபோது அவர் சந்தோஷமாகத்தான் போனார். வெர்னா கழிப்பறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் காலை ஸ்டுடியோ போன்கள் அலறின. ஹெர்பி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நெப்ராஸ்காவிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர். ஆஸ்பத்திரியில் தன் கணவர் கடைசியாகச் சிரித்தது ஹெர்பியைப் பார்த்துத்தான் என்று ஒரு அம்மாள். “முன்னாடி வந்த, பாட வராத அந்தப் பொண்ணு அவ்வளவு நேரம் பேசுது, எங்க ஹெர்பிக்கு ரெண்டு நிமிஷம் இல்லையா உங்ககிட்ட?” என்று யாரோ ஒரு தாத்தா திட்டியே தீர்த்தார். ரசிகர்கள் விடவில்லை. அன்று முழுக்க அடித்தது.

கில் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். “அடுத்த வியாழன் ஹெர்பி. கடைசி ஆளா இல்ல, முதல் ஆளா.”

“வேணாம் கில்” என்றாள் வெர்னா.

“ஏன்? மகளோட பேசியாச்சு. போன்லயே அழுதுட்டாங்க. அப்பா காலையிலருந்து கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துக்கிட்டிருக்காராம்.”

வெர்னா உள்ளதைச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரியும். ஹெர்பிக்கு மூளை போய்விட்டது என்று பத்திரிகையில் வரும். சொல்லாவிட்டால் நாடே பார்க்க அவர் மேடையில் வழிதெரியாமல் நிற்பார். இரண்டில் எது என்று யோசித்தே அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனைக்கும் காரணம் தான்தான் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. வெகுநாளைக்குப் பிறகு அது உண்மையான வேலை. பெர்ல் தூங்கிய கதையைச் சொன்னார். ஒரு சொல் பிசகாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. வெர்னா சிரித்தாள். “சரி, வேற ஏதாவது சொல்லட்டுமா?” என்றார் ஹெர்பி. “சொல்லுங்க” என்றாள். “கல்யாணம் ஆன அன்னைக்கே எனக்கு ஓட்டல்ல ஷோ” என்று மறுபடி ஆரம்பித்தார்.

போனை வைத்ததும் உள்ளே போய்க் கில்லிடம், “கதை நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

“ஏன் சரின்னு சொன்னே?” என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான்.

“ரெண்டாவது தடவையும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு ரூபன். நான் என்ன பண்ண?”

நீல அட்டையில் ஒரே ஒரு கேள்வி எழுதினாள். வேட்டிடம், “இந்தக் கதை முடிஞ்சதும் கை குடுத்து அனுப்பிடுங்க. வேற எதுவும் கேக்காதீங்க” என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். வேட் தலையாட்டினார்.

வியாழக்கிழமை ஹெர்பி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. வெகுநேரம் உட்காரவே இல்லை. நானும் வெர்னாவும் பக்கவாட்டில் கேமராக்களுக்குப் பின்னால் நின்றோம். அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். வேட் பெர்லைப் பற்றிக் கேட்டார். ஹெர்பி சொன்னார். எங்கும் தடுக்கவில்லை. சிரிப்பு கூரையைத் தொட்டது. வெர்னா என் கையை விட்டுவிட்டு மூச்சு விட்டாள்.

வேட் எழுந்து கை கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பின் நடுவில் எவன் எழுந்திருப்பான். “ஓட்டல் நாள்ல வேற என்ன நடந்துச்சு ஹெர்பி?” என்று கேட்டுவிட்டார்.

ஹெர்பி கோட்டைச் சரிசெய்துகொண்டார். “கல்யாணம் ஆன அன்னைக்கே எனக்கு ஓட்டல்ல ஷோ.”

வேட்டின் கண்கள் எங்கள் பக்கம் வந்துபோயின. பிறகு யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான். கிழவர் வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். “அந்தம்மாவுக்கு இன்னைக்குத்தான் கல்யாணம் ஆச்சு” என்றதும் நூற்றுக்கணக்கான பேர் ஒரே குரலில், “யாரோட?” என்று கத்தினார்கள். ஹெர்பி திடுக்கிட்டு அவர்களைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“என்னோடதான்” என்றார்.

எழுந்து நின்றார்கள். அழுதார்கள். வெர்னாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது உண்மையான சிரிப்புதான். அவளுக்கு வேறு மாதிரி வராது. கில் எங்களிடம் ஓடிவந்து, “ஒரே கதைய ரெண்டு தடவை சொல்லிட்டுப் போறான் பாரு, இந்த வயசுல என்ன தைரியம்” என்றான். அவள் ஹெர்பியைக் கூட்டிவரப் போனாள்.

அதற்குள் மேக்கப் அறைக்கு அவரே வழி தெரிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நான் துடைக்கும் துணியை எடுத்தேன். அவர் கண்ணை மூடி முகத்தை எனக்கு நீட்டினார்.

“நல்லாப் பூசு பெயிண்டர். வெளிய யாருக்கோ அமர்க்களப்படுத்துறாங்க. இவனுக்கு அப்புறம் மேடையேறுறது கஷ்டம்.” கண்ணைத் திறந்தார். “யாரு அது?”

துணி என் கையிலேயே இருந்தது. கதவருகே வெர்னா நின்றாள்.

“உங்களுக்குத்தான் ஹெர்பி” என்றாள். “நீங்கதான் அது.”

அவர் அதை நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். “பரவால்ல, நீயும் தேறிட்டே. சொல்லு, என்னை எப்பக் கூப்பிடுவாங்க?”

வெர்னா வந்து அவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை உண்மையைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“இன்னைக்கு நேரம் போதல ஹெர்பி. முன்னாடி வந்தவர் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டார்.”

“நல்லாப் பண்ணானா?”

“ரொம்ப நல்லாப் பண்ணார்.”

“அப்போ சரி. விடு, பண்ணட்டும்.” என் பக்கம் திரும்பினார். “துடைச்சிடு பெயிண்டர். கெட்டுப்போறதுக்கு நான் என்ன பாலா?”

துடைத்தேன். ரூத் வந்து, “அப்பா, எவ்வளவு அழகா பண்ணீங்க” என்று கட்டிக்கொண்டு அழுதபோது அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார், பாவம் குழந்தை, ஒன்றும் தெரியாது என்பதுபோல.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் போன் அடித்தது. அந்த வாரம் முழுக்க நாடே அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

“வெர்னா, வியாழக்கிழமைக்கு என்ன சொல்லட்டும்?”

அவள் பென்சிலை எடுத்தாள். அவர் பெர்ல் தூங்கிய கதையைச் சொன்னார். எதிரே உட்கார்ந்து நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதை முடிகிற இடம் வந்தது. அவள் உதடு அசையவில்லை. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தாள். அத்தனை வருஷத்தில் அவள் பொய்யாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சற்று நேரம் கழித்து மறுமுனையிலிருந்து ஹெர்பியின் குரல் வந்தது. அதில் அவ்வளவு அக்கறை.

“என்னம்மா வெர்னா, உடம்பு சரியில்லையா?”

“லேசா சளி” என்றாள் அவள். “வியாழக்கிழமை பார்க்கலாம், ஹெர்பி.”